பிழை ஏழு

முதல் வாரம் மோட்டார் இல்லை, பற்றரி இல்லை.
ருக்சிகாதான் ரோபோ.
கண்ணைக் கட்டி வகுப்பின் நடுவே நிறுத்தினோம்.
"முன்னால் நாலு அடி."
போனாள்.
"வலப்பக்கம் திரும்பு."
திரும்பினாள், திரும்பினாள்,
தலைசுற்றி விழும்வரை திரும்பினாள்.
எப்ப நிக்கிறதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே, ரீச்சர்.

தரம் நான்கு. இருபத்தாறு பேர்.
எனக்கும் இது புதிது.
இன்று படிப்பிப்பதை நேற்றிரவு
குப்புறப் படுத்துக் கைபேசியில் படித்தவள் நான்.
ஹனானா கேள்விக்குக் கை உயர்த்தினால்
என் வயிற்றுக்குள் ஒரு விசிறி சுழலும்.

அறுந்த பாட்டாவை வட்டமாய் வெட்டிச் சில்லு.
பிஸ்கட் பெட்டி மட்டையில் உடம்பும், தேவையில்லாமல் இரண்டு காதும்.
வலயக் கந்தோர் தந்தது ஒரு பெட்டிதான்:
ஆறு குழுவுக்கு ஒரு மூளை.
ஒரு வண்டியில் கழற்றி மற்றதில் பூட்ட
ஜெரோன் அதை இரண்டு கையாலும் ஏந்திப் போவான்,
கோழிக்குஞ்சு கொண்டுபோகிறவன் போல.

லப்ரொப் திரையில் நிறநிறமாய்க் கட்டிகள்.
'என்றால்' செம்மஞ்சள்.
அதன் கீழே 'இல்லையென்றால்'
வாய் திறந்தபடி காத்திருக்கும்.
கொப்பியில் சொந்தமாய் ஒன்று எழுதுங்கள் என்றேன்.

மழை பெய்தால் குடை, இல்லையென்றால் தொப்பி.
மணி அடித்தால் வீடு, இல்லையென்றால் கணக்கு.
கடைசி வாங்குக் கபிலேஷ் எழுதியிருந்தான்:
காற்று கூடினால் அப்பா வள்ளம் இறக்கமாட்டார்.
இல்லையென்றால்
அதற்குப் பிறகு ஒரு கோடு மட்டும்.
நான் சிவப்புப் பேனையை மூடிவைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்து
கொப்பியை வாங்கிப் போய்
'மீன்' என்று நிரப்பித் தந்தான்.

நேற்று ஓட்டம்.
தரையில் கறுப்பு ரேப்பால் பெரிய எட்டு ஒன்று.
கறுப்பைக் கண்டால் போ, தடையைக் கண்டால் நில்.
வண்டி பாதி எட்டுவரை வந்தது.
சீமெந்துத் தரையின் வெடிப்பைக் கண்டது.
அதுவும் கறுப்புத்தானே,
பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனது.
"பிழையாப் போகுது" என்றேன்.
"இல்லை ரீச்சர், சொன்னபடிதான் போகுது" என்றாள் ஹனானா.

விறாந்தை. சரிவு. முற்றம்.
முற்றத்தில் மான்.

திருகோணமலையில் மான் பார்க்கக் காட்டுக்குப் போகவேண்டாம்.
பஸ் நிலையத்தில் நிற்கும், மரக்கறிக் கடையில் நிற்கும்,
கோட்டைப் பக்கம் ஓட்டோ ஹோர்ன் அடித்தாலும்
நீயே சுற்றிப் போ என்று பார்க்கும்.

இருபது சென்ரிமீற்றரில் வண்டி நின்றது.
கைதட்டினோம். சென்சர் வேலை செய்கிறது!
மான் குனிந்து மோந்தது.
பிறகு, அவசரமேயில்லாமல்,
இடக்காதைத் தின்னத் தொடங்கியது.

இதற்கு ஒருவரும் கட்டளை எழுதவில்லை.
தடை விலகும்வரை நில் என்றிருந்தோம்.
தடை மென்றுகொண்டிருந்தது.
சொல்கேட்கிற பிள்ளையாய் வண்டி
நின்றுகொண்டேயிருந்தது.
ஜெரோன் பாய்ந்து மூளையை மட்டும் பிடுங்கினான்.
அவன் கைக்குள் சிவப்பு விளக்கு
இன்னும் மினுங்கியது.

சுவரில் எங்கள் பிழைப் பட்டியல்.
ஒன்று: பற்றரி மாறிப் போட்டது.
நாலு: சில்லு உரஞ்சுது.
ஆறு: வெடிப்பு.
ஏழு: மாண்.
ருக்சிகாவின் எழுத்து. மூன்று சுழி போட்டிருக்கிறாள்.
பிழைப் பட்டியல்தானே, விட்டுவிட்டேன்.

இன்று காலை கபிலேஷ் கேட்டான்,
"மான் என்னத்தைத் தின்னாது, ரீச்சர்?"
தெரியாது என்றேன். இம்முறை வயிற்றில் விசிறி சுழலவில்லை.
இடைவேளைக்கு மணி அடித்ததும்
ஐஸ்கிறீம் பெட்டி, சிரட்டை, தகரப்பேணி மூடி,
யாருடையதோ கணக்குக் கொப்பி,
எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு
இருபத்தாறு பேரும் முற்றத்தில்.

கணக்குக் கொப்பியைத் தின்னும் என்று
பட்டியலில் குறித்தாயிற்று.